சேஃப்டி ஹார்னஸ் மாட்டுவது எப்படி? சைட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலை என்றால், அந்த வேலைக்கென்றே தரும் எழுத்து அனுமதி (பெர்மிட்-டு-வொர்க்) வேண்டும். பெர்மிட் வந்துவிட்டது, ஹார்னஸும் போட்டாயிற்று, இனி பயமில்லை என்று ஏறிவிடாதீர்கள். ஹார்னஸ் என்பது உடம்பில் மாட்டும் பட்டை, விழுந்தவரைப் பாதியில் பிடித்து நிறுத்துகிற சாதனம். தடுப்புக் கம்பி போட முடிகிற இடமென்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

படி 1: பார்த்து எடுங்கள்

பட்டையை வளைத்துத் தடவிப் பாருங்கள். வெட்டும் பிரிந்த நூலும் அப்போதுதான் தெரியும். வெல்டிங் பொறி பட்ட இடம் உருகி, பளபளப்பாக விறைத்திருக்கும். விழும் அதிர்ச்சியைத் தணிக்கக் கயிற்றோடு சேர்த்திருக்கும் ஷாக் அப்சார்பரின் தையல் பிரிந்திருந்தால் சூப்பர்வைசரிடம் கொடுத்து வேறு வாங்குங்கள்.

படி 2: உடம்போடு பொருத்துங்கள்

முதுகு வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறினால் சிக்கல் பிரியும். மாட்டியபின் அந்த வளையம் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். தொடைப் பட்டைக்குள் விரல் நீட்டிய கை நுழையலாம், மடக்கிய முஷ்டி நுழையக்கூடாது. வெயிலில் புழுங்குகிறதே என்று அதைத் தளர்த்திவிடாதீர்கள். விழும்போது பெரும்பாரம் தொடையில்தான் இறங்கும்.

படி 3: ஹூக்கை எங்கே மாட்டுவது?

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 2 மீட்டர் லேன்யார்டை (ஹார்னஸையும் ஹூக்கையும் இணைக்கும் கயிறு) கால்மட்டத்தில் மாட்டினால், கயிறு இழுபடுவதற்கு முன்பே ஏறக்குறைய மூன்றரை மீட்டர் விழுந்துவிடுவீர்கள். பிறகு ஷாக் அப்சார்பர் பிரிந்து 1.75 மீட்டர் வரை நீளலாம். காலுக்கும் தரைக்கும் நடுவே பாதுகாப்புக்கு 1 மீட்டர் இடைவெளியையும் சேர்த்தால், மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். 4 மீட்டர் சாரத்தில் அப்படி மாட்டியிருந்தால் தரையில்தான் போய் மோதுவீர்கள். முதுகு வளையத்துக்கு 1 மீட்டர் மேலே, தலைக்கு நேராக மாட்டினால் கயிறு இழுபடுமுன் விழுவது 1 மீட்டர்தான். பக்கவாட்டில் மாட்டினால் ஊசலாடித் தூணில் மோத நேரும்.

தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு இவற்றில் மாட்டவே கூடாது. லைஃப்லைன் (ஹூக் மாட்டவென்றே கட்டிய பாதுகாப்புக் கயிறு), அல்லது அதற்கென்றே குறித்துவைத்த இடம் மட்டும்தான். இரண்டு ஹூக் உள்ள லேன்யார்டோடு நகரும்போது ஒரு ஹூக்கை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். அவசரம், ஒரே ஹூக்கில் போ என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

படி 4: இறக்குவது யார்?

அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. “விழுந்தால் எதை வைத்து, யார் இறக்குவீர்கள்?” என்று வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே கேளுங்கள். தொங்க நேர்ந்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸையும் லேன்யார்டையும் அன்றே ஒதுக்கிவிட வேண்டும்.