இலவச இணைய வகுப்பில் சேர்ந்து உருப்படியாகப் படிப்பது எப்படி?

2011இல் செபாஸ்டியன் துருன், பீட்டர் நார்விக் என்ற இரு கணினி அறிவியலாளர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே இணைய வகுப்புத் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் வந்துவிட்டன. 2012இல் எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய மின்சுற்று வகுப்பில் பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர், தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆனாலும் வகுப்பறையில் ஏழாயிரம் பேரைத் தேற வைக்க ஓர் ஆசிரியருக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் இந்த வகுப்புகளை நான் விடாமல் பரிந்துரைக்கிறேன்.

படி 1: எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க வேண்டும்" என்றால் போதாது. "என் செலவுக் கணக்கை மாதவாரியாகக் கூட்டித் தரும் நிரல் எழுத வேண்டும்" என்று இருக்கட்டும். அது முடிந்ததும் வகுப்பை விட்டுவிட்டாலும் தப்பில்லை.

படி 2: சேரும் முன் பாடத்திட்டத்தைப் படியுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நுண்கணிதம் தேவை என்று போட்டிருந்தால் அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

படி 3: எதுவரை இலவசம் என்று பாருங்கள். பல வகுப்புகளில் காணொளி இலவசம், சான்றிதழுக்குப் பணம். சிலவற்றில் மதிப்பெண் போடும் பயிற்சிகளுக்கும் கட்டணம் உண்டு.

படி 4: முக்கியமான வேலை இங்கேதான். காணொளி பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அதை நம்ப வேண்டாம். ஆசிரியர் ஒரு கணக்கை எடுத்ததும் நிறுத்திவிட்டு, தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். சிக்கிய வரியில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் காணொளியை ஓடவிட்டு, அந்த வரியில் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பத்து நிமிடக் காணொளிக்கு அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். பாடம் மனதில் பதிவது அந்த நேரத்தில்தான்.

படி 5: லட்சம் பேரின் விடைகளை ஆசிரியர் திருத்த முடியாது. பெரும்பாலும் கணினிதான் திருத்துகிறது. விடை தவறு என்று அது சொல்லிவிடும், ஆனால் உங்கள் யோசனை எங்கே பிசகியது என்று பல நேரம் சொல்லாது. இந்தக் குறையை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். கலந்துரையாடல் பகுதியில் "புரியவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அரிது. எந்தக் கணக்கு, எதுவரை போட்டீர்கள், எந்த வரியில் நின்றீர்கள் என்று எழுதுங்கள். கட்டுரைகளைச் சக மாணவர்களே திருத்தும் வகுப்புகளும் உண்டு. அங்கே நீங்கள் போடும் மதிப்பெண்ணுக்கு இரண்டு வரியில் காரணம் எழுதுங்கள். இன்னொருவருக்குக் கிடைக்கும் ஒரே ஆசிரியர் குரல் உங்களுடையதாக இருக்கலாம்.

படி 6: ஒரு வாரம் விட்டுப்போனால் எல்லாக் காணொளிகளையும் ஒரே நாளில் பார்த்துத் தள்ளாதீர்கள். விட்ட பாடத்தின் பயிற்சியைத் திறந்து, வராத கேள்விக்கான பகுதியை மட்டும் பார்த்துவிட்டு இந்த வாரத்துப் பாடத்துக்கு வந்துவிடுங்கள்.