கர்ப்பத்தில் கொரோனா: குழந்தைக்குப் பயந்து தாய்க்குச் செய்யும் தவறுகள்

கர்ப்பிணிக்குக் கொரோனா என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பயத்தில்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள், எக்ஸ்ரே வேண்டாம் என்கிறார்கள், பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குத் தொற்றுவது அரிது. தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் பரிசோதனையில் தொற்று தெரிகிறது. கேடு பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. தாய்க்கு ஆக்சிஜன் குறையும், காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் கூடும், சிலருக்கு நஞ்சுக்கொடியே பழுதாகும். இவற்றால் குறைப்பிரசவமும், அரிதாக வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் நேர்கிறது. ஆகவே தாய்க்குத் தரும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது.

பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே குணமாகிவிடுகிறார்கள். 28 வாரம் தாண்டியவர்கள், 35 வயதுக்கு மேற்பட்டவர்கள், உடல் பருமன், சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், தடுப்பூசி போடாதவர்கள் ஆகியோருக்குத்தான் நோய் முற்றும் வாய்ப்பு அதிகம்.

மூச்சு வாங்குவதை "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விடுவது

இதுதான் மிக ஆபத்தான தவறு. கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது இயல்பு என்பது உண்மைதான். ஆனால் அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். படி ஏறினால் தெரியும், உட்கார்ந்தால் அடங்கும். ஒரே நாளில் கூடுகிறது, சும்மா இருக்கும்போதே இரைக்கிறது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை என்றால் அது கர்ப்பத்தின் இரைப்பு அல்ல. நெஞ்சு வலியோ உதடு நீலம் பாரிப்பதோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் கையிருப்பே குறைவு. வளரும் கருப்பை உதரவிதானத்தைச் சுமார் 4 செ.மீ. மேலே தள்ளிவிடுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனோ அதே அளவு கூடுகிறது. அதனால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கினால் மளமளவென்று இறங்கும். விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் மற்றவர்களுக்கு 93, 94 சதவீதம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றிருந்தாலும், கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே போனாலே மருத்துவமனை.

பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பார்க்கும் விதத்திலும் கோளாறு நடக்கிறது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, கையை நெஞ்சோடு அசையாமல் வைத்திருங்கள். முதலில் தாவும் எண்களைப் பொருட்படுத்தாமல், நிலையாக நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். கருத்த சருமத்தில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே எண் 96 என்றாலும் உடம்பு திணறினால் உடம்பைத்தான் நம்ப வேண்டும்.

மருத்துவமனையிலும் சறுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. கர்ப்பத்தில் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 28 முதல் 32 மி.மீ. பாதரசம் வரைதான் இருக்கும். இரைப்போடு இருக்கும் கர்ப்பிணிக்கு அது 40 என்று வந்தால் "நார்மல்" அல்ல, மூச்சுத் தசைகள் சோர்ந்துவருகின்றன என்று பொருள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் கவலை தீர்ந்தது என்று நினைப்பது

நோய் முற்றுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய 5-ஆம் நாளுக்கும் 10-ஆம் நாளுக்கும் இடையில்தான் நடக்கிறது. அதனால் அறிகுறி தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள். பரிசோதனை முடிவு வந்த தேதி இந்தக் கணக்குக்கு உதவாது. வைரஸுக்கு எதிரான மாத்திரைகளையும் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் பலன். அதற்கும் இந்தத் தேதிதான் வேண்டும். அறிகுறி இருந்தும் வீட்டு ஆன்டிஜென் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்யுங்கள், அல்லது ஆர்டி-பிசிஆர் எடுங்கள்.

காய்ச்சலுக்கு மாத்திரையே போடாமல் தாங்குவது, அல்லது கைக்குக் கிடைத்ததைப் போடுவது

முதல் மூன்று மாதத்தில் நீடிக்கும் கடும் காய்ச்சலே கருவின் நரம்புக் குழாய்க்கு (மூளையும் தண்டுவடமும் உருவாகும் பகுதி) கேடு செய்யலாம். பாராசிட்டமால் கர்ப்பம் முழுவதும் போடக்கூடிய மாத்திரை. ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1000 மி.கி. வரை, இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம், ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் இதைவிடக் குறைவாக, மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அட்டையைப் படிக்காமல் இரண்டையும் போட்டால் அளவு மீறிவிடும்.

இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்க வேண்டும். அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே உள்ள முக்கிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் காரணமாகும். ஆனால் ரத்தக் கொதிப்பைத் தடுக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை இதே கணக்கில் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையை வீட்டிலேயே தொடங்குவது இன்னொரு கொடுமை. ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் அது உயிர் காக்கும் மருந்து. ஆக்சிஜன் சரியாக இருக்கும்போது அதனால் நன்மை இல்லை. கர்ப்பிணிக்கு ரத்தச் சர்க்கரைதான் எகிறும். மோல்னுபிராவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கர்ப்பத்தில் கூடாது. ஐவர்மெக்டின், அசித்ரோமைசின் இரண்டும் கொரோனாவைக் குணப்படுத்துவதில்லை.

எக்ஸ்ரேவை மறுப்பது

மார்பு எக்ஸ்ரேயில் கருவை எட்டும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. மார்பு சி.டி. ஸ்கேனிலும் ஒரு மில்லிகிரேயை எட்டாது. கருவுக்குக் கேடு என்று கவலைப்படத் தொடங்கும் அளவோ 50 மில்லிகிரே. நிமோனியா இருக்கிறதா என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் பரிசோதனை விஷயம் நேர் எதிர்: கர்ப்பத்தில் அது இயல்பாகவே கூடியிருக்கும் என்பதால், அறிக்கையில் சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம்.

தலைவலியைக் கொரோனாவின் கணக்கில் எழுதிவிடுவது

கொரோனா வந்த கர்ப்பிணிகளுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் கூடி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) வரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்திருக்கும்: தலைவலி, வாந்தி, ரத்தத் தட்டணுக்கள் குறைவது, கல்லீரல் நொதிகள் கூடுவது. கண் முன் பூச்சி பறப்பது, விலா எலும்புக்குக் கீழே வலது பக்க வலி, முகம் திடீரென்று வீங்குவது ஆகியவை இருந்தால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் அன்றே பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே சொல்லுங்கள். தொற்று இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனை நாளைத் தவறவிடாமல், போன் செய்துவிட்டு முகக்கவசத்தோடு போகலாம். நோய் கடுமையாக இருந்தவர்களுக்குக் குணமாகி இரண்டு வாரம் கழித்துக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் தேவை.

அசைவு குறைந்தும் மறுநாள் வரை காத்திருப்பது

தாய்க்கு லேசான காய்ச்சல் மட்டுமே இருந்தும் நஞ்சுக்கொடி பழுதாகலாம். அரிதுதான், ஆனால் வந்தால் வேகமாக வரும். ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதம் படிந்து, திசு அழிந்து, குழந்தைக்கு ஆக்சிஜன் போகும் வழி அடைபடும். வெளியே தெரியும் அடையாளம் பெரும்பாலும் குழந்தையின் அசைவு குறைவதுதான். 28 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால் இடது பக்கம் சாய்ந்து படுத்து இரண்டு மணி நேரம் அசைவிலேயே கவனம் வையுங்கள். பத்து அசைவு தெரியாவிட்டால் இரவானாலும் கிளம்புங்கள். வீட்டு டாப்ளர் கருவியில் இதயத்துடிப்பு கேட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். துடிப்பு கடைசிவரை கேட்கும். மாதம் நிறைந்தால் அசைவு குறையும் என்பதும் தவறு.

ஓய்வு என்று நாள் முழுக்கப் படுத்தே இருப்பதும் கூடாது. கர்ப்பமும் கொரோனாவும் ஆளுக்கொரு பக்கம் ரத்தத்தைக் கட்டியாக்குகின்றன. தண்ணீர் குடியுங்கள், அறைக்குள் நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காட்டுங்கள். மல்லாந்து படுப்பதையும் தவிருங்கள். 20 வாரத்துக்கு மேல் கருப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும்.

பிரசவத்திலும் பிறகும்

கொரோனா என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை. குழந்தையைப் பிரித்து வைப்பதும், தாய்ப்பாலை நிறுத்துவதும் தேவையில்லை. பால் வழியாகத் தொற்று பரவுவதாகத் தெரியவில்லை, பாலில் போகும் எதிர்ப்பொருள்கள் குழந்தைக்கு நல்லது. தாய் கை கழுவி, முகக்கவசம் போட்டுப் பால் கொடுக்கலாம். குழந்தைக்கு மட்டும் முகக்கவசம் கூடவே கூடாது; மூச்சு முட்டும். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, 38 டிகிரிக் காய்ச்சல், துவண்டு கிடப்பது என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை.

தடுப்பூசியைப் பிரசவத்துக்குப் பிறகு என்று ஒத்திவைப்பவர்கள் உண்டு. அதில் உயிருள்ள கொரோனா வைரஸ் இல்லை. கருச்சிதைவையும் அது கூட்டுவதில்லை. கர்ப்பத்தில் போட்டால் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்த முதல் மாதங்களில் காக்கின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசியே கிடையாது என்பதால், அவர்களுக்கு இதுதான் ஒரே வழி. கடைசியாக எப்போது போட்டீர்கள், எப்போது தொற்று வந்தது என்ற இரண்டு தேதிகளையும் மருத்துவரிடம் சொல்லி அடுத்த ஊசிக்கு நாள் கேளுங்கள்.