தொலைக்காட்சித் தொடரைத் தழுவி ஆண்டு மலர்ச் சிறுகதை எழுதும் முறை

அறிவியல் புனைகதைத் தொடரொன்றின் உலகை வைத்துப் பாடசாலை மலருக்குக் கதை எழுத விரும்பும் மட்டக்களப்பு மாணவர்களுக்கு, 'டாக்டர் ஹூ' ஆண்டு மலர்கள் நல்ல முன்மாதிரி. டாக்டர் என்னும் விண்பயணியை நாயகனாகக் கொண்டு 1963 நவம்பர் 23ஆம் திகதி பிபிசியில் தொடங்கிய அத்தொடருக்கு, வேர்ல்ட் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் நிறுவனம் 1965இல் முதல் மலரை வெளியிட்டது.

படப்பிடிப்பில் காட்ட முடியாததையே முதலில் தேடுங்கள். 1965இல் ஒளிபரப்பான தொடர்க்கதையொன்றில், ஸார்பி என்னும் பேரெறும்பின் உடையணிந்த நடிகர் ஓடிவந்து கமராவிலேயே மோதினார். அந்தக் காட்சி அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. முதல் மலரிலும் ஸார்பிகள் வருகின்றன, ஆனால் தாளில் அவற்றுக்கு உடையும் இல்லை, மோதக் கமராவும் இல்லை.

இடம் ஒன்று, ஆபத்து ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பக்கத்தில் அதற்கு மேல் தாங்காது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தருகே, பௌர்ணமி இரவில், தோணியிலிருந்தபடி துடுப்பின் ஒரு முனையை வாவி நீரில் விட்டு மறுமுனையைக் காதோடு அணைத்தால் கேட்பதாகச் சொல்லப்படும் ஓசையை எடுத்துக்கொள்வோம். அது வேற்றுக்கிரகத்தவரின் அழைப்பு என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். மாறாக, ஆண்டுக்கணக்காக அதைக் கேட்டுப் பழகிய மீனவர் துடுப்பை இறக்கி, "இண்டைக்கி ஒரு சத்தம் குறையுது ஐயா" என்று விண்பயணியிடம் சொல்லட்டும். குறைந்த சத்தம் எங்கே போயிற்று என்பதுதான் கதை. அதற்கான விடை பயணியின் கருவியிலிருந்து அல்லாமல் மீனவரின் பழக்கத்திலிருந்து வருவதே எனக்குப் பிடித்தமானது.

இவ்வாறு உள்ளூர்த் துணையொருவரை வைப்பதில் வேறொரு வசதியும் உண்டு. முதல் மலரில் டாக்டர் பெரும்பாலும் தனியாகவே பயணிக்கிறார். கேள்வி கேட்க ஆளில்லாத கதையில் விளக்கமெல்லாம் கதைசொல்லியின் தலையில்தான் விழும்.

பாத்திரத்தின் பேச்சு, கோபம், பிடிவாதம் ஆகியவை தொடரில் உள்ளபடியே இருக்கவேண்டும். அவற்றை மாற்றினால் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவர்.

உரிமை விடயத்தில் கவனம் தேவை. தொடரின் புகழ்பெற்ற எதிரிகளான தாலெக்குகள் முதல் மலரில் இடம்பெறவில்லை. அவற்றில் எழுத்தாளர் டெரி நேஷனுக்குத் தனி உரிமை இருந்தது. எனவே, உங்கள் மலர் அச்சாகி விற்பனைக்கு வருவதாயின், தொடரின் பெயர்களை விட்டுவிட்டுச் சொந்தப் பயணியொருவரைப் படைத்துக்கொள்ளுங்கள்; கதையை ஓவியரிடம் கொடுக்கும்போது, எந்தக் கணத்தை வரையவேண்டும் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.