கண்ணாடி உடைந்தால் மட்டும் கத்த வேண்டும்: கார் அலாரத்தில் சென்சார் சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தின் கரையோரம் காரை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் போனோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் பின் கதவில் கண்ணாடி இல்லை. இருக்கை முழுக்கக் கற்கண்டு போலச் சில்லுகள். மனைவியின் கைப்பை போய்விட்டது. கார் பூட்டியது பூட்டியபடி இருந்தது. அலாரத்தின் சிவப்பு விளக்கு, எதுவும் நடக்காததுபோல விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. "சத்தமே வரலியே தம்பி, வந்திருந்தா திரும்பிப் பாத்திருப்பேனே" என்றார் பத்தடி தள்ளிப் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா.

சத்தம் வராததற்குக் காரணம் எளிது. பெரும்பாலான கார்களில் கம்பெனி கொடுக்கும் அலாரம் கதவு, பானட், டிக்கி திறக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுப் பையை எடுத்தால் எந்தக் கதவும் திறப்பதில்லை. டெல்டாவுக்கு நவக்கிரகச் சுற்றுலா வருபவர்களை நினைத்துப் பாருங்கள். திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒரே நாளில் ஒன்பது ஊர், ஒன்பது தெரு, ஒவ்வொன்றிலும் பையும் மாற்றுத்துணியும் பின் சீட்டில். இப்படி நிற்கும் காருக்குக் கண்ணாடி உடைவதை அறியும் சென்சார் உண்மையிலேயே உதவும். ஆனால் அதைச் சரியாகப் பொருத்த வேண்டும். என் காரில் முதல் தடவை பொருத்தியது தப்பும் தவறுமாகத்தான் இருந்தது.

எல்லாத் தவறுக்கும் தாய் ஒன்று உண்டு. அதிர்வு சென்சாரையும் கண்ணாடி சென்சாரையும் ஒன்றென்று நினைப்பது. அதிர்வு சென்சார் காரின் உடம்பு குலுங்குவதை உணரும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் கடினப்படுத்திய கண்ணாடி. கூர்மையான பொருள் ஒரு புள்ளியில் பட்டாலே மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், கார் அதிகம் குலுங்காது. அதையும் பிடிக்க வேண்டும் என்று அதிர்வு சென்சாரின் நுட்பத்தை, அதாவது எவ்வளவு சின்ன அசைவுக்கும் துள்ளும் என்ற அளவை, ஏற்றிக்கொண்டே போனால், பக்கத்தில் நெல் லாரி போனாலும் கத்தும், இடி இடித்தாலும் கத்தும். கண்ணாடி சென்சார் என்பது ஒரு மைக். கண்ணாடியில் அடி விழும்போது முதலில் 'தொம்' என்று ஒரு கனத்த ஒலி, அடுத்த கணமே சில்லுகள் சிதறும் கீச்சென்ற மெல்லிய ஒலி. நல்ல சென்சார் இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தால் மட்டுமே அலாரத்துக்குத் தகவல் தரும். தனியாகத் தவில் அடித்தாலோ தனியாகச் சாவிக்கொத்து குலுங்கினாலோ சும்மா இருக்கும். வாங்கும்போது அது இரண்டு ஒலியையும் பார்க்கும் வகைதானா என்று கேளுங்கள். ஒற்றை ஒலிக்கே துள்ளும் மலிவான வகையை வாங்கினால் எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் நிம்மதி இருக்காது.

வீட்டு ஜன்னலுக்கு விற்கும் சென்சாரை வாங்கி டாஷ்போர்டில் ஒட்டுபவர்களும் உண்டு. வேண்டாம். அது அறையின் அளவுக்கும் சட்டத்தில் பதித்த ஜன்னல் கண்ணாடிக்கும் ஏற்ப அமைத்தது. சித்திரை வெயிலில் மூடி நிற்கும் காரின் சூட்டை அதன் பாட்டரி தாங்காது.

இன்னொன்று, முன் கண்ணாடி. அது இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சிலந்தி வலை போல விரிசல் விடுமே தவிரச் சிதறாது. அதனால் சென்சார் எதிர்பார்க்கும் இரண்டாவது ஒலி சரியாக வராது. பக்கக் கண்ணாடியில் படலம் ஒட்டியிருந்தாலும் ஒலி மந்தமாகிவிடும், பொருத்துபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணாடி சென்சார் வந்துவிட்டதே என்று அதிர்வு சென்சாரைக் கழற்றி எறிவதும் தவறுதான். நுட்பத்தைக் குறைத்து வைத்து அதையும் இருக்க விடுங்கள்.

அப்புறம், மைக்கை வைக்கும் இடம். என் காரில் முதலில் பொருத்திய கடைக்காரர் பெட்டியோடு சேர்த்து மைக்கையும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் செருகிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது, ஒரு ஒயர்கூட வெளியே தெரியவில்லை. ஆனால் காதில் பஞ்சை அடைத்து ஒருவரைக் காவலுக்கு உட்கார வைத்த கதைதான். கனத்த ஒலி பிளாஸ்டிக்கைத் தாண்டி வந்துவிடும், மெல்லிய ஒலி வழியிலேயே செத்துவிடும். மைக் கேபினைப் பார்த்துத் திறந்தபடி இருக்க வேண்டும். ரூஃப் லைட்டின் பக்கம் நல்ல இடம், நான்கு கதவுக் கண்ணாடியும் ஏறக்குறைய சம தூரத்தில் வரும். ஏசி காற்று வரும் வாய்க்கு எதிரேயும் ஸ்பீக்கரை ஒட்டியும் வைக்காதீர்கள். வெறும் இரட்டைப் பக்க டேப்பை நம்பாதீர்கள், ஒரு கோடையில் இளகி மைக் கீழே தொங்கும்.

மேலே ஒயர் கொண்டுபோவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, இதை அழுத்தியே சொல்ல வேண்டும். இப்போதைய பல கார்களில் முன் கண்ணாடியின் ஓரத் தூணிலிருந்து கூரையின் விளிம்பு வரை பக்கக் கண்ணாடியை மறைத்துத் திரைபோல விரியும் ஏர்பேக்கை மடித்து வைத்திருப்பார்கள். ஒயரை அதற்கு முன்னால் இழுத்தாலோ அதோடு சேர்த்துக் கட்டினாலோ, விபத்து நேரத்தில் ஏர்பேக் விரிவதைத் தடுக்கலாம், கிளிப் தெறித்து முகத்தில் அடிக்கலாம். ஒயர் ஏர்பேக்குக்குப் பின்புறமாகத்தான் போக வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக் ஒயர், தொடவே கூடாது. தூணின் மூடியைக் கழற்றுவதற்கு முன் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சரி, நுட்பத்தை எவ்வளவு வைப்பது? "நல்லா கூட்டி வைங்கண்ணே" என்றுதான் நானும் முதலில் சொன்னேன். அந்த ஆடி மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா. ஒவ்வொரு அதிர்வேட்டுக்கும் என் கார் அலறியது. இரண்டாம் நாள் இரவு பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து, "ஒண்ணு வண்டிய எங்கயாவது எடுத்துட்டுப் போ, இல்ல அத நிறுத்தித் தொலை" என்றார். நிறுத்தினேன். ஐப்பசி வரைக்கும் அதைத் திரும்பப் போடவே மறந்துபோனேன். மூன்று மாதம் என் கார் சென்சார் இருந்தும் இல்லாமல் தெருவில் நின்றிருக்கிறது. அடிக்கடி வீணாகக் கத்தும் அலாரத்தால் வரும் பெரிய கேடு இதுதான். சொந்தக்காரரே அதை அணைத்துவிடுவார். அவர் அணைக்காவிட்டாலும் தெரு அதைக் கேட்பதை நிறுத்திவிடும். 'புலி வருது' கதையில் கடைசியில் புலி வந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சென்சார் எதையெல்லாம் கேட்கும் என்பதைவிட, எதற்கெல்லாம் கத்தாமல் இருக்கும் என்பதை வைத்தே அதை அமைக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அமைக்கும்போது பலரும் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நுட்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைத் திருப்புகிறார்கள். கதவு திறந்திருக்கும்போது கேபினுக்குள் ஒலி தங்காது. அந்த நிலையில் சென்சார் கேட்கும்வரை கூட்டினால், கதவை மூடியபின் அது மிகையாகிவிடும். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, கதவுகளை மூடி, உள்ளே உட்கார்ந்து செய்யுங்கள். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சென்சாரோடு வந்த கையேடு சொல்லும் சோதனையை மைக்குக்குத் தூரமான கண்ணாடியில் செய்து பார்த்து, அது கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கொஞ்சமும் வேண்டாம். கல்லால் தட்டிப் பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், சோதனையிலேயே கண்ணாடி போய்விடும். பிறகு வண்டியைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கொண்டுபோய் அலாரத்தைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் நில்லுங்கள். ஏர் ஹாரனுக்குக் கத்துகிறதா? ஐப்பசி மழையில் தகரக் கொட்டகைக்குக் கீழ் நிறுத்திப் பாருங்கள், தகரத்தில் விழும் மழை எல்லா வகை ஒலியும் கலந்தது. கத்தினால் ஒரு துளி குறைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது.

வெக்கைக்காகக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அதையும் விட வேண்டியிருக்கும். வெளிச் சத்தம் நேரே மைக்குக்கு வரும். அந்த இடுக்கு வழியாகக் கம்பியை விட்டுக் கதவைத் திறப்பவர் கண்ணாடியைத் தொடவே மாட்டார்.

வயரிங்கில் நான் அதிகம் பார்க்கும் தவறு, சென்சாருக்கான 12 வோல்ட்டைச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயரிலிருந்து எடுப்பது. கடையில் சாவி போட்டபடி சோதிப்பார்கள், அருமையாக வேலை செய்யும். வீட்டில் சாவியை எடுத்ததும் சென்சார் செத்துவிடும். எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரிலிருந்து, தனி ஃப்யூஸ் வைத்து எடுக்க வேண்டும். எர்த் கொடுக்கும் போல்ட்டின் கீழே பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்றில் அந்த இடம் சீக்கிரம் பூத்துவிடும், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவையுங்கள். ஒயரை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது. ஈயத்தால் பற்றவைத்து மேலே ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

பெரும்பாலான சென்சார்கள் தகவல் தருவது நெகட்டிவ் துடிப்பாக, அதாவது தகவல் ஒயரை ஒரு கணம் எர்த்தோடு இணைத்து. அலாரத்தில் அதற்கென்று சென்சார் வாய், அதாவது சென்சார் ஒயரை இணைக்கும் இடம், இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். பல கம்பெனி அலாரங்களில் இருக்காது. இல்லை என்றதும் சிலர் கதவு ஒயரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கதவு திறந்ததாகவே கார் நினைக்கும், எது கத்தியது என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. புது வண்டிகளில் அந்த ஒயர் நேரே கம்ப்யூட்டருக்குப் போகும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பால் அங்கே குத்திப் பார்ப்பதும் ஆபத்து, மல்டிமீட்டர் மட்டுமே போதும். ஏற்கெனவே அதிர்வு சென்சார் இருக்கும் ஒரே சென்சார் வாயிலேயே இரண்டையும் சேர்க்க வேண்டியிருந்தால், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று போடுங்கள். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் 1 என் 4007 போதும். நெகட்டிவ் துடிப்பு என்றால் டயோடின் வெள்ளைக் கோடு சென்சார் பக்கம் இருக்க வேண்டும்.

எலியை மறந்துவிடாதீர்கள். தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வைக்கோல் போருக்கும் அங்கிருந்து கார் எஞ்சினுக்கும் குடிவரும். மன்னார்குடி பக்கத்தில் மாமனார் வீட்டில் ஒரு வாரம் நின்றதில் என் சைரன் ஒயரைக் கடித்துவிட்டன. சென்சார் சரியாகக் கேட்டுச் சொல்லியும் கத்த வாயில்லை. சென்சார் ஒயர் முழுக்கக் கேபினுக்குள்ளேயே போகட்டும். எஞ்சின் பக்கம் தவிர்க்க முடியாத சைரன் ஒயருக்குக் கடினமான குழாய் உறை போடுங்கள். சைரனின் வாய் கீழே பார்த்து இருந்தால் மழைநீர் தேங்காது.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளை வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும் கார்கள் இங்கே நிறைய. அவர்கள் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். நிற்கும் கார் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பாட்டரி ஒரு மாதத்தில் அடியோடு காலி, செல்ஃப் எடுக்காமல் போவது அதற்கு வெகு முன்பே. சென்சார் போட்டபின் இந்த மின் இழுவையை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டபிறகே உண்மையான அளவு தெரியும். மீட்டர் இணைத்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

கடைசியாகக் காகித வேலை. கம்பெனி ஒயரை வெட்டி இணைத்தால் மின்சாரப் பகுதிகளுக்கான வாரண்டியை மறுக்கலாம், சாக்கெட் வைத்து இணைக்கும் வழி இருந்தால் அதையே கேளுங்கள். பில்லைப் பத்திரப்படுத்தி, கூடுதல் மின் சாதனம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள். உடைந்த கண்ணாடிக்கு, சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்து எடுத்த கார் பாலிசியில் கேட்கலாம். உள்ளே இருந்த பைக்குச் சாதாரண பாலிசியில் இடமில்லை, அதற்கெனத் தனிச் சேர்க்கை எடுத்திருந்தால்தான் உண்டு. எங்கள் கைப்பைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. இப்போதெல்லாம் கோயிலுக்குப் போகும்போது அது மனைவியின் தோளிலேயே வருகிறது.