பிரெஞ்சுச் சிப்பாயின் அங்கியை வாசித்து வாங்குங்கள்

திருகோணமலையில் பாடசாலைச் சீருடை தைத்தே எனக்கு முப்பத்தொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு ஜனவரி நெரிசல் ஓய்ந்த இரவில், பாரிஸில் இருக்கும் தங்கை மகன் கொண்டுவந்து தந்த ஈயச் சிப்பாய்ப் பொம்மை ஒன்றைத் தையல் மெஷின் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். உயரம் 54 மில்லிமீட்டர். வெள்ளை அங்கி, மார்பின் இருபுறமும் வண்ண மடிப்பு, அதன் ஓரத்தில் கடுகை விடச் சிறிய பொத்தான்கள். அன்று தொடங்கியதுதான். இப்போது நாற்பத்து மூன்று சிப்பாய்கள் என்னிடம் இருக்கிறார்கள்.

இவற்றைச் சேர்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கண்ணில் படுவதையெல்லாம் வாங்குகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஓர் ஆண்டைத் தீர்மானியுங்கள். நான் எடுத்துக்கொண்டது 1782. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில்தான் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன், நம் கோட்டைக்கு வடக்கே உள்ள குடாவில் படைகளை இறக்கினார். சில நாட்களிலேயே ஆங்கிலேயர் கோட்டையை ஒப்படைத்துவிட்டார்கள். செப்டம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களோடு கடற்சமர் நடந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மான்கள் மேயும் அந்த வழியில் ஒரு காலத்தில் பிரெஞ்சுக் காவல் நின்றது என்ற நினைப்பே என்னைத் தேடவைக்கிறது. உங்களுக்குப் பிடித்த ஆண்டு வேறாக இருக்கலாம். ஆனால் ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டால்தான் எதை வாங்கக் கூடாது என்பது தெரியும்.

அடுத்தது அங்கியை வாசிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரெஞ்சுக் காலாட்படையின் நிறம் வெள்ளை, அதாவது சாயம் போடாத கம்பளியின் சாம்பல் கலந்த வெள்ளை. கூலிக்கு அமர்ந்த சுவிஸ், ஐரிஷ் படையணிகளுக்குச் சிவப்பு. ஜெர்மன் படையணிகளுக்கு நீலம். தொப்பியில் குத்திய துணிப் பூவையும் பாருங்கள். 1782க்கு அது நீலம், வெள்ளை, சிவப்பு என்ற மூவர்ணமாக இருக்க முடியாது. மூவர்ணப் பூ 1789இல் புரட்சியோடுதான் வந்தது. நாட்டின் காலாட்படை முழுவதும் நீலத்துக்கு மாறியது அதற்கும் பின்னர், 1793இல். நீல அங்கியும் மூவர்ணப் பூவும் உள்ள பொம்மையை ஒருவர் "இது மன்னர் காலத்துச் சிப்பாய்" என்று விற்க வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதி. 1779இல் வந்த சீருடை ஒழுங்குவிதி ஒரு தையல்காரனின் மூளையில் பிறந்தது போலவே இருக்கிறது. படையணிகளை ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். ஆறில் மூன்று மஞ்சள் பொத்தான் போடும். மற்ற மூன்று வெள்ளை, அதாவது வெள்ளி நிறப் பொத்தான் போடும். ஒரே நிறப் பொத்தான் போடும் மூன்றையும் எப்படிப் பிரிப்பது? ஒன்றுக்கு மார்பு மடிப்பும் கைப்பட்டியும் நிறத்தில் வரும். இன்னொன்றுக்கு மார்பு மடிப்பு மட்டும். மூன்றாவதற்குக் கைப்பட்டி மட்டும். பத்து நிறத்துணி இருந்தால் அறுபது படையணிகளைத் தூரத்திலிருந்தே பிரித்தறியலாம். ஆகவே ஒரு சிப்பாயைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள். மார்பு, மணிக்கட்டு, பொத்தான் என்ற வரிசையில் பாருங்கள். மஞ்சள் பொத்தானுக்கு யாரோ வெள்ளி நிறம் பூசியிருந்தால் அந்தச் சிப்பாய் வேறு படையணிக்குப் போய்விடுவான்.

பிறகு பின்பக்கம் திருப்புங்கள். நடக்க வசதியாக அங்கியின் வால் மடித்துக் கொக்கியிடப்பட்டிருக்கும். அந்த மடிப்பில் லில்லிப் பூ இருந்தால் சாதாரணச் சிப்பாய், எறிகுண்டு இருந்தால் கிரெனேடியர் என்ற தேர்ந்தெடுத்த பிரிவுச் சிப்பாய், வேட்டைக் கொம்பு இருந்தால் ஷஸ்ஸர் என்ற இலகு காலாட்படைச் சிப்பாய். கிரெனேடியரின் தோள்பட்டி சிவப்பு, ஷஸ்ஸருடையது பச்சை. துப்பாக்கியையும் அளந்துகொள்ளுங்கள். 1777ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். 54 மில்லிமீட்டர் உருவத்தில் அது ஏறக்குறைய 47 மில்லிமீட்டர் வர வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் பெரும்பாலும் நுனி உடைந்திருக்கும்.

எங்கே வாங்குவது? என் மருமகன் பாரிஸில் வான்வ் பகுதியில் வார இறுதிகளில் கூடும் பழைய பொருட்சந்தைக்குப் போய் வருவான். வாங்குவதற்கு முன் மார்பு, கை, பின்பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரான்ஸின் மினியோ நிறுவனம் செய்தவை உள்ளே நிறைந்த ஈயம்; கையில் எடுத்தாலே பாரம் தெரியும். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் செய்யத் தொடங்கியவை உள்ளே குடைவானவை, இலேசானவை. பழைய சிப்பாயின் வண்ணம் உதிர்ந்திருந்தாலும் அதன் மேல் பூச வேண்டாம். கை துருதுருக்கிறதென்றால் வண்ணம் பூசாத புதிய உருவங்களை வாங்கிப் பூசுங்கள்.

அப்படிப் பூசும்போது அங்கிக்குத் தூய வெள்ளை கூடாது. வெள்ளையில் துளி மண்ணிறமும் அதைவிடக் குறைவாகக் கறுப்பும் கலந்து முதலில் பூசுங்கள். மடிப்புகளின் மேடுகளில் மட்டும் இன்னும் வெளிறியதைத் தொட்டுவையுங்கள். தூய வெள்ளையை மார்பில் குறுக்கே போகும் தோல் வார்களுக்கு மிச்சம் வையுங்கள். அந்த வார்களுக்குச் சிப்பாய்கள் வெண்களிமண் பூசி வெளுப்பாக்கினார்கள். அங்கியை விட அவை பளிச்சென்று தெரிவதே சரி. பொத்தானுக்குத் தூரிகை வேண்டாம். குண்டூசியின் தலையை வண்ணத்தில் தொட்டு ஒரே ஒரு முறை ஒற்றுங்கள். மார்பு மடிப்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கடும் மண்ணிறக் கோடு இழுத்தால் துணி தனியாக எழுந்து நிற்கும். நான் அந்தக் கோட்டை மூச்சை அடக்கிக்கொண்டுதான் இழுப்பேன்.

கடைசியாகச் சொல்வதை மிகக் கவனமாகக் கேளுங்கள். நான் முதலில் ஒட்டுப்பலகையில் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்வித்தேன். கண்ணாடியை ஒட்டிய பசையில் வினிகர் வாடை அடித்தது. போய்விடும் என்று விட்டுவிட்டேன். மாரி முடிந்து திறந்தபோது ஏழு சிப்பாய்களின் பாதங்களில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. ஒருவனின் கணுக்கால் என் விரலிலேயே முறிந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வினிகர் வாடைக்குக் காரணமான அசற்றிக் அமில ஆவிதான் ஈயத்தை அப்படித் தின்கிறது. அது பசையிலிருந்தும் வரும், ஒட்டுப்பலகையிலிருந்தும் வரும், ஓக் மரத்திலிருந்து இன்னும் அதிகமாக வரும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் அதை விரைவுபடுத்துகிறது. இப்போது இரும்புச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட அலுமாரியில்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தட்டிலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறது. மாரியில் மாதம் ஒருமுறை பாதங்களைப் பார்க்கிறேன். வெண்தூள் பூத்தவனை உடனே மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். அந்தத் தூளை ஊதவோ உலர்ந்த துணியால் துடைக்கவோ வேண்டாம், அது நஞ்சு. ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொடுங்கள். என் வீட்டில் அவர்களுக்கென்று ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அவற்றின் பொத்தான்களையும் நான்தான் பூசினேன்.