இங்கிலாந்துக்கு வரும் அம்மாக்களே, கர்ப்பகால சர்க்கரையை ஜி.பி.யிடம் சொல்லிவிடுங்கள்

ஜி.பி. என்றால் இங்கே நம் குடும்ப டாக்டர். அவரிடம் பதிவு செய்வது சுலபம். காசு கிடையாது, முகவரிச் சான்று இல்லை என்றாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வந்த வாரமே முடித்துவிடுங்கள். ஆனால் பழைய நோய்களைக் கேட்கும் இடத்தில் மட்டும் நிதானமாக எழுதுங்கள்.

என் தோழி மதுரையில் தலைப்பிரசவம் முடித்து, கைக்குழந்தையோடு லெஸ்டருக்கு வந்தவள். கர்ப்பத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டாள், பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கி ஊசியை நிறுத்திவிட்டார்கள், அதனால் படிவத்தில் 'சர்க்கரை நோய் இல்லை' என்று டிக் அடித்தாள். அவள் எழுதியது சரிதான். கர்ப்பத்தில் வந்ததா என்று யாருமே கேட்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாவது உண்டானபோது எடுத்த முதல் ரத்தப் பரிசோதனையிலேயே முழு நீரிழிவு என்று வந்தது. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் என்றால் வெறும் வயிற்றோடு தெருமுனை லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு சாயங்காலம் ரிசல்ட் வாங்கிவிடுவோம். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் ஜி.பி. எழுதித் தந்தால்தான் டெஸ்ட், கர்ப்பகால சர்க்கரை ரெக்கார்டில் இருந்தால்தான் அவரும் கூப்பிடுவார்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்பாடு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2020இல் சொன்னார்கள். ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள், தெற்காசியர்களுக்கு இங்கே பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23 தாண்டினாலே ஆபத்துக் கணக்கு.

அதனால் ஊர் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு வாருங்கள். 'ஜெஸ்டேஷனல் டயபடீஸ்' இருந்தது என்று ரெக்கார்டில் ஏற்றச் சொல்லுங்கள், வருடம் ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) டெஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள். இங்கே பிரசவம் ஆனவர்களுக்கு 6 முதல் 13 வாரத்துக்குள் வெறும் வயிற்று டெஸ்ட் உண்டு. ஆறாவது வாரச் செக்கப்புக்குப் போனால் தையலையும் குழந்தையையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவதும் நடக்கிறது, வாய் திறந்து கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்று ரிசல்ட்டில் 7 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அது நம் ஊர்க் கணக்கில் 126. எச்.பி.ஏ.1.சி. 48 என்றால் 6.5 சதவீதம். இரண்டுமே நீரிழிவு எல்லை.

அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறீர்களா? அதற்கு முன்பே ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். சர்க்கரை இருந்தால் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வேண்டும், அதற்கு ஜி.பி. சீட்டு எழுதித் தர வேண்டும். அப்புறம், அம்மா ஆசையாகக் கிளறி அனுப்பும் பிரசவ லேகியம் முழுக்கக் கருப்பட்டி. டெஸ்ட் முடியும்வரை அதை எடுத்து வையுங்கள்.