பின்னல் அறுந்த கதிரையில் பூச்சட்டி

இருக்கைப் பின்னல் அறுந்த முதிரைக் கதிரையை விறகுக்குப் போடாதேங்கோ. சட்டம் உறுதியாக இருந்தால் அந்த ஓட்டையே பூச்சட்டிக்கு இடம்.

முதலில் ஆட்டத்தை நிற்பாட்ட வேண்டும். பொருத்தைக் கழற்றி, வெறும் மரம் தெரியும்வரை பழைய பசையை உளியால் சுரண்டுங்கோ. அதற்கு மேலேயே பூசினால் புதுப்பசை மரத்துக்குள் இறங்காது. என்னுடையது இரண்டு கிழமையில் திரும்ப ஆடியது. பூசிப் பொருத்தியபின் கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, தடி செருகி முறுக்கி, 24 மணித்தியாலம் விடுங்கோ. சாதாரண வெள்ளைப் பசை மாரி ஈரத்தில் இளகும். தண்ணீர் தாங்கும் பசைதான் வேண்டும்.

சட்டியைத் தாங்க ஓட்டைக்குக் கீழே குறுக்குச் சட்டம் இரண்டு. முதிரை சரியான வைரம், துளை போடாமல் திருகாணி ஏற்றினால் தலை முறியும். 4 மில்லிமீற்றர் ஆணிக்கு 3 மில்லிமீற்றர் துளை. புரியில் கொஞ்சம் சவர்க்காரம் தேயுங்கோ.

வார்னிஷ் பூசும்போது காலின் அடிமுனையை மறக்கவேண்டாம், ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். கால்களைச் சீமெந்துக் கல்லில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் கறையான் புற்று ஏறுவது உடனே கண்ணில் படும். தண்ணீர்ச் சிரட்டையில் கால் வைக்கும் பழக்கம் வேண்டாம், நுளம்பு பெருகும்.